கேட்டுத் திறந்த பீரோ

பூட்டுக்காரருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. எந்தப் பீரோவாக இருந்தாலும் வீட்டுக்காரர்கள் கொடுத்த டீ ஆறுவதற்குள் திறந்துவிடுவார். அடுத்தது, கேட்காமல் யார் வீட்டுப் பூட்டையும் தொட்டதில்லை. முதலாவது கையால் வந்த பெருமை. இரண்டாவது அவரே வாயால் சொல்லிச் சொல்லி வளர்த்தது. மனிதரைக் கவிழ்த்தது இரண்டாவதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டும் கூட்டுச் சேர்ந்துதான் கவிழ்த்தன என்று அவர் மனைவி சொன்னாள். அவள் சொன்னதே சரி.

மாடிப்படிக்குக் கீழே மிச்சமான முக்கோண இடத்தில் அவருடைய கடை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். முப்பது வருடமாகக் குனிந்தே உட்கார்ந்ததில், வெளியே வந்தாலும் பாதி குனிந்தபடியேதான் நடப்பார். சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் ஆணியில் தொங்கும். மேஜைமேல் ஆறு அரம், ஒரு மெழுகுவத்தி, சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு இரும்புப் பிடி. எல்லாவற்றுக்கும் மேலே, காவல் நிலையத்தில் முத்திரை குத்திக் கொடுத்த அனுமதி அட்டை, கண்ணாடிச் சட்டத்துக்குள். அந்த அட்டை இல்லாமல் அடுத்தவன் வீட்டுப் பூட்டில் கைவைப்பவனுக்கு உலகத்தில் வேறு பெயர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெரியவர், மின்சாரத்தைத் துண்டிக்கப்போகிறோம் என்று போனில் மிரட்டிய எவனுக்கோ சேமிப்பு முழுவதையும் அனுப்பிவிட்டு, பேங்க் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் கதவடைக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்த பேங்க் மேனேஜர்தான் ‘மூத்தோர் துணைக் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்தார். காவல் நிலையத்தின் பெண் எஸ்.ஐ., கிளினிக் நர்ஸ், மருந்துக் கடைக்காரர், காஸ் சிலிண்டர் போடுகிறவர், பூட்டுக்காரர் என்று வயதானவர்களின் வீட்டுக்குள் போய்வருகிற ஆட்களாகப் பார்த்துச் சேர்த்தார். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பேங்க் மாடியில், டீ பிஸ்கட்டோடு கூட்டம்.

“ஏமாத்தறவன் ஒரே வாசல் வழியா வர்றதில்ல. நாம ஆளுக்கொரு வாசல்ல நிக்கறோம். கண்ணுல பட்டதை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டா போதும், பாதி திருட்டு நின்னுடும்” என்றார் மேனேஜர் முதல் கூட்டத்தில்.

மூன்றாவது கூட்டத்தில் பூட்டுக்காரர் எழுந்து நின்றார். அன்றைக்குச் சட்டை இஸ்திரி போட்டிருந்தார்.

“என்னை யார் கூப்பிட்டாலும் சரிங்க, வீட்ல பெரியவங்க இருந்தா அவங்ககிட்ட நேராக் கேப்பேன். அவங்க சரின்னாதான் பூட்டுல கை வைப்பேன். கேட்டதையும் அவங்க சொன்னதையும் ஒரு சீட்டுல எழுதி, வீட்டுக்கு ஒண்ணு, நிலையத்துக்கு ஒண்ணு குடுத்துடறேன்.”

எஸ்.ஐ. கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். மேனேஜர் தன் செலவில் சீட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்தார். பூட்டுக்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். அவள் ரொட்டிக் கடையில் ரொட்டிக்கு உறை போடுகிறவள். நாள் முழுக்க நின்று வீங்கிய காலைத் தண்ணீர்ச் சட்டியில் வைத்தபடி புத்தகத்தைப் புரட்டினாள்.

“அப்போ இத்தனை வருஷமும் கேக்காமயா தொறந்துட்டிருந்தீங்க?”

“உனக்கு எதைச் சொன்னாலும் குத்தம்தான்.”

“குத்தமில்ல. தெரிஞ்சுக்கறேன்.”

மழைக்காலத்தின் நடுவில் ஒரு வியாழக்கிழமை, ஓர் இளைஞன் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் தலையை நீட்டினான். தந்தியம்மாவின் அண்ணன் மகன்.

தந்தியம்மாவை அந்தப் பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. தந்தி ஆபீஸில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவர். ஊரில் யார் வீட்டுச் சாவுச் செய்தியும் முதலில் அவர் காதில் விழுந்துதான் மற்றவர்களுக்குப் போகும். ஒருநாளும் அதை அவர் வெளியே பேசியதில்லை. கணவர் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போய்விட்டது என்றார்கள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள இந்தப் பையன் வந்தான். தெருவே மெச்சியது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற தெரு அது.

“அண்ணே, அத்தை பீரோ சாவியை எங்கயோ வச்சுட்டாங்க. அவங்க மருந்துச் சீட்டெல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

“அத்தை வீட்லதானே இருக்காங்க? அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் தொறப்பேன் தம்பி. சட்டம் போட்டிருக்கோம்.”

“தாராளமாக் கேளுங்கண்ணே. அதானே முறை.”

பச்சைத் திரை போட்ட அறை. மருந்தும் ஈரத்துணியும் கலந்த வாடை. ஜன்னலோரத்தில் கைவைத்த நாற்காலியில், இடுப்புவரை போர்வையோடு, தந்தியம்மா உட்கார்ந்திருந்தார். எதிரே சாம்பல் நிற இரும்புப் பீரோ. பூட்டுக்காரர் விதிப்படியே செய்தார். பையைக் கீழே வைத்தார். நாற்காலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“அம்மா, நான் பூட்டுக்காரன். பீரோவைத் தொறக்கச் சொல்றாங்க. தொறக்கலாங்களாம்மா?”

அந்த அம்மாவின் தலை மேலும் கீழும் அசைந்தது. இன்னொரு தடவை. மறுபடியும். உதடுகள் எதையோ மெல்வதுபோல் அசைந்தன.

“சரிங்கம்மா” என்று எழுந்தார் பூட்டுக்காரர்.

அண்ணன் மகன் டீயைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தான். பூட்டுக்காரருக்கு அது போதாதா? பந்தயம் ஆரம்பித்துவிட்டது. மெழுகுவத்தியைப் பற்றவைத்து, வெட்டாத சாவியைப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினார். பூட்டுக்குள் விட்டு, வலமும் இடமும் அழுத்தி எடுத்தார். கரி அழிந்த இடத்தை அரத்தால் ராவினார். மறுபடி கறுப்பாக்கினார், மறுபடி விட்டார். ராவும்போது கண் சாவியைவிட்டு அகலக்கூடாது. ஒரு மயிரிழை கூடிப்போனாலும் சாவி வீண். முதுகுக்குப் பின்னால் நாற்காலி இரண்டு தரம் கிறீச்சிட்டது. அவர் திரும்பவில்லை. ஆறாவது தடவை பூட்டு கிளிக்கென்று விட்டுக்கொடுத்தது.

டீயை எடுத்து வாயில் வைத்தார். நாக்கைச் சுட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

சீட்டில் எழுதினார்: ‘வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். தலையசைத்துச் சம்மதித்தார்.’ ஒன்றைக் கிழித்து அண்ணன் மகனிடம் கொடுத்தார். அவன் அதைப் பத்திரமாக நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

பத்து மாதம் கழித்து, வீடு கைமாறிவிட்டது என்று பேச்சு வந்தது. தந்தியம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டிருந்தார்கள். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்த பத்திரங்கள், பேங்க் வைப்புத்தொகையை உடைத்த மனு, எல்லாம் முறையாக இருந்தன. மேனேஜருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. எஸ்.ஐ.யிடம் சொன்னார். எஸ்.ஐ. அண்ணன் மகனைக் கூப்பிட்டு விசாரித்தார். அவன் குரலை உயர்த்தாமல் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

“பத்திரம் எல்லாம் அந்தப் பீரோவுலதான் மேடம் இருந்துச்சு. அத்தை விருப்பப்பட்டுத்தான் தொறக்கச் சொன்னாங்க. நான் சொல்லல, உங்க குழு ஆளே எழுதிக் குடுத்திருக்காரு.”

எஸ்.ஐ. இல்லத்துக்கும் போய்வந்தார். அவன் கூடவே நிற்க, உங்கள் சம்மதத்தோடுதானா என்று கேட்டார். தந்தியம்மாவின் தலை மேலும் கீழும் அசைந்தது. காகிதக்கட்டைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எஸ்.ஐ. இதைச் சொன்னார். “சீட்டு முறை எவ்வளவு உபயோகம் பாருங்க. ஒரு நல்ல பையன் மேல வீண்பழி விழாமத் தடுத்துச்சு.” பூட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு பிஸ்கட் கூடுதலாகச் சாப்பிட்டார். நர்ஸ் மட்டும் வரவில்லை. குழந்தைகளுக்கு ஊசி போடுகிற நாள்.

அதற்குப்பின் பத்து நாள் போயிருக்கும். முதியோர் இல்லத்திலிருந்து பூட்டுக்காரருக்கு வேலை வந்தது. குளியலறைகளின் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால் கதவை உடைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறதாம். மத்தியானம். மூன்றாவது கதவில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவர், தற்செயலாக எதிர் அறையைப் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது.

தந்தியம்மா சுவரைப் பார்த்து உட்காரவைக்கப்பட்டிருந்தார். அறையில் வேறு யாருமில்லை. அந்த வெறும் சுவருக்கு அவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஆமாம், ஆமாம், ஆமாம் என்று.

பூட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்து உருண்டது. வாளியோடு வந்த பணிப்பெண்ணை நிறுத்தினார்.

“இவங்க எதுக்கும்மா தலையாட்டிட்டிருக்காங்க? யாரு கேட்டாங்க?”

“யாரும் கேக்கல சார். அது வியாதி. நடுக்கம். யாராவது கிட்ட வந்தா இன்னும் கூடும். தூங்கினாத்தான் அடங்கும்.”

“எத்தனை நாளா?”

“வரும்போதே இப்படித்தான் வந்தாங்க. பேச்சு சுத்தமாப் போகல சார். வரும். ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள நாலு வேலை முடிஞ்சுடும். எங்களுக்கு எங்க நேரம்?”

மீதித் தாழ்ப்பாள்களை எப்படி மாட்டினார் என்பது அவருக்கே தெரியாது. ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்தார்.

சாயங்காலம் மனைவி சோற்றைப் போட்டு, முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்து வைத்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார். நடந்ததைச் சொல்லி முடிக்கும்போது சோறு கூழாகியிருந்தது.

“அந்த அம்மாவுக்குத் தலை ஆடுதுன்னா, பூம்பூம் மாடு மாதிரி நீங்களும் சேர்ந்து ஆட்டிட்டு வந்திருக்கீங்க” என்றாள்.

“எனக்கு எப்படித் தெரியும்? கேட்டேன். ஆட்டினாங்க.”

“தெரியாமத்தான் செஞ்சீங்க. அதை அப்படியே விட்டுடுங்க. எஸ்.ஐ.யே முடிச்சுட்டாங்க. இப்பப் போய்ச் சீட்டு தப்புன்னா, உங்க மத்த சீட்டெல்லாம் என்ன ஆகும்? அட்டையைப் பிடுங்கிடுவாங்க. இது புதுப்பிக்கற மாசம் வேற. என் சம்பளத்துல ரெண்டு பேரு சாப்பிடலாம். மூணாவதா வாடகைக்கும் சோறு போட முடியாது.”

“அந்தச் சீட்டுதான் அவனைக் காப்பாத்திட்டிருக்கு.”

“அவன்தான் உங்களைக் கூட்டிட்டுப் போனான். நீங்களாவா போனீங்க?”

பூட்டுக்காரர் கூழான சோற்றை மறுபடி பிசைந்தார். வெளியே தகரத்தில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

“அவங்க உதடு அசைஞ்சுச்சு.”

“எப்போ?”

“அன்னைக்கு. நான் கேட்டப்போ. ஏதோ சொல்ல வந்தாங்க. நான்தான் டீ ஆறிடும்னு மெழுகுவத்தியைப் பத்தவச்சுட்டேன்.”

அவள் தண்ணீர்ச் சட்டியிலிருந்து காலை எடுத்துத் துடைத்தாள். மெதுவாக, விரல் விரலாக. அவளுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான்.

“அட்டை போனாப் போகட்டும்னு சொல்ற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு கிடையாது. சொல்லவும் மாட்டேன்” என்றாள். “ஆனா தட்டுல சோத்தைப் பிசைஞ்சுகிட்டே உக்காந்திருக்கற மனுஷனோட நான் எத்தனை நாளு குடும்பம் நடத்தறது?”

மறுநாள் காலை அவர் கண்ணாடிச் சட்டத்தைப் பிரித்து அட்டையை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனார். எஸ்.ஐ. முழுவதையும் கேட்டார். முகம் கடுத்தது.

“எழுதினது நீங்கதானே? இப்ப வந்து நீங்களே இல்லைங்கறீங்க. நாளைக்கு யாரு உங்க பேச்சை நம்புவாங்க?”

“நம்ப வேணாங்க மேடம். அந்த அம்மாவை இன்னொரு தரம் கேளுங்க. நர்ஸம்மாவை வச்சுக் கேளுங்க.”

எஸ்.ஐ. பேனாவை மூடினார், திறந்தார். “நானும் அப்படித்தானே கேட்டுட்டு வந்தேன்” என்றார், பாதி தனக்கே. பிறகு கையை நீட்டினார். “அட்டையை வச்சுட்டுப் போங்க. விசாரணை முடியற வரைக்கும் பூட்டு எதையும் தொடக்கூடாது.”

நர்ஸிடம் கேட்டபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “அந்த நடுக்கத்துக்கு மாத்திரை குடுக்கறதே நான்தான் சார். அது எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன். யாருமே என்னைக் கேக்கலையே.” ஆளுக்கொரு வாசலில் நின்றவர்கள் அவரவர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

ஒன்பதாம் நாள் இல்லத்தின் முன்னறையில் எல்லோரும் கூடினார்கள். எஸ்.ஐ., மேனேஜர், நர்ஸ், அண்ணன் மகன், ஓர் ஓரமாகப் பூட்டுக்காரர். தந்தியம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நடுவில் விட்டார்கள். போன மழைக்கு இந்த மழைக்கு ஆள் பாதியாகிவிட்டார். கழுத்து மட்டும் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் மகன் முந்திக்கொண்டான். “அத்தை, நீங்கதானே பீரோவைத் தொறக்கச் சொன்னீங்க?”

தலை மேலும் கீழும் அசைந்தது.

“பாத்துக்குங்க மேடம்.”

பூட்டுக்காரர் முன்னால் வந்தார். “அம்மா, உங்க அண்ணன் மகன் உங்களை ஏமாத்திட்டானா?”

தலை அசைந்தது.

“அம்மா, நான் திருடனா?”

அசைந்தது.

“இப்ப வெளியே வெயில் அடிக்குதா?”

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தலை ஆமாம், ஆமாம் என்று அசைந்தது. மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“முடியாதவங்களை வச்சு வேடிக்கை காட்டறீங்களா?” என்று கத்தினான் அண்ணன் மகன். அயோக்கியன் சொன்னாலும் அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. பூட்டுக்காரர் கூசிப்போய்ப் பின்வாங்கினார்.

நர்ஸ் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். தந்தியம்மாவின் இரண்டு கன்னங்களையும் உள்ளங்கைகளால் ஏந்திக்கொண்டார். “பீரோவைத் தொறக்கச் சொன்னீங்களாம்மா? வாயால சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி. யாரும் பேசாதீங்க.”

பக்கத்து அறையில் ஒருவர் இருமி முடித்தார். எஸ்.ஐ.யின் போன் அடித்தது, அவர் பார்க்காமலே அணைத்தார். தந்தியம்மாவின் உதடுகள் கூடின, பிரிந்தன, கூடின. தொண்டையில் ஏதோ ஏறி ஏறி இறங்கியது. அந்த அறையில் இருந்த யாரும் அவ்வளவு நேரம் இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை.

“இல்ல.”

தெளிவாகத்தான் வந்தது. மேனேஜர் கர்சீப்பால் கண்ணைத் துடைத்தார். எஸ்.ஐ. எழுதினார். அடுத்த கேள்விக்கு, ரேகையைப் பற்றி, இன்னும் நேரம் பிடித்தது. “பிடிச்சு… வச்சான்” என்றார் தந்தியம்மா. அண்ணன் மகன் அப்போதுதான் முதல்முறையாகத் தலைகுனிந்தான். அவனை நிலையத்துக்கு அழைத்துப்போக வெளியே ஆள் நின்றது.

“வழக்கு நிக்கும். ஆனா வீடு ரெண்டு கை மாறியிருக்கு. திரும்பி வர வருஷக்கணக்கா ஆகும்” என்று எஸ்.ஐ. மேனேஜரிடம் தணிந்த குரலில் சொன்னார். அவ்வளவு வருடம் அந்த அம்மாவிடம் இல்லை என்பது நர்ஸின் முகத்தில் தெரிந்தது.

ஆனாலும் பூட்டுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. மறைத்துப் பயனில்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அட்டை போனால் என்ன, நல்லதைச் செய்துவிட்டோம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார். நாற்காலியருகே போய்க் குனிந்தார்.

“அம்மா, நான் போய்ட்டு வரேங்க.”

தந்தியம்மாவின் கண்கள் அவர்மேல் நின்றன. தலைதான் ஆடிக்கொண்டிருந்ததே தவிர, கண் அசையவில்லை. உதடுகள் மறுபடி கூட ஆரம்பித்தன. நர்ஸ் கையை உயர்த்தினார். கிளம்பியவர்கள் இருந்த இடத்திலேயே நின்றார்கள். பூட்டுக்காரர் குனிந்தபடியே காத்திருந்தார். முதுகு வலித்தது. நன்றி என்றுதான் வரும் என்று நினைத்தார். வேண்டாம்மா, அதெல்லாம் எதுக்கு என்று சொல்ல வார்த்தையும் தயாராக வைத்திருந்தார்.

“கேட்டியே” என்றார் தந்தியம்மா.

மூச்சு வாங்கியது. எச்சில் வழிந்ததை நர்ஸ் துடைத்தார். இன்னும் முடியவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. நிமிடங்கள் போயின.

“நிக்கலையே.”

எஸ்.ஐ. பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார். “யாரைம்மா சொல்றீங்க? அண்ணன் மகனையா?”

“இல்லைங்க மேடம்” என்றார் பூட்டுக்காரர். “என்னைத்தான் சொல்றாங்க. எழுதிக்குங்க.”